ஆறு ரெண்டு, ஏழு இல்லை

எங்கள் பட்டறையில் யாரும் புத்தகத்தை முதல் பக்கத்திலிருந்து பார்ப்பதில்லை. ஃபாரமாகத்தான் பார்ப்போம். அச்சகத்திலிருந்து வருகிற பெரிய தாளில் முன்னும் பின்னுமாகப் பதினாறு பக்கம் இருக்கும். மடித்தால் ஒரு ஃபாரம். அப்படி இருபது ஃபாரத்தை வரிசை மாறாமல் சேர்த்தால் ஒரு செட். செட்டின் முதுகில் பசை போட்டு, அட்டை ஒட்டி, மூன்று பக்கமும் வெட்டினால் கடையில் நீங்கள் வாங்குகிற புத்தகம்.

கப்பலூரில் சிவக்குமார் முதலாளியின் பைண்டிங் பட்டறையில் செட் சேர்க்கிற மேசை என்னுடையது. பேர் முத்துமீனா. ஊர் திருவாதவூர். காலையில் ஊரிலிருந்து ஒரு பஸ், மாட்டுத்தாவணியிலிருந்து ஒரு பஸ். ஆறு வருஷமாக இதே பாடு. மேசை மேல் இருபது குவியல் வரிசையாக இருக்கும். ஒரு எட்டுக்கு ஒரு ஃபாரமாக எடுத்துக்கொண்டே மேசை நீளத்துக்கு நடக்க வேண்டும். திரும்பி வந்து மறுபடி ஒன்றிலிருந்து. ஒரு நாளைக்கு அறுநூறு நடை. நடவு மாதிரிதான், சேறு கிடையாது என்று என் அம்மா ஒச்சம்மாளிடம் சொல்வேன். அவள் இன்னும் களையெடுக்கப் போகிறவள். "காலு நனையாம சோறுன்னா அது சர்க்கார் வேலைதான்டி" என்பாள்.

நான் சேர்த்த செட்டைச் சரிபார்ப்பது அஜ்மல் பீவி. பீவியம்மா என்போம். காஜிமார் தெருப் பக்கம் வீடு. அறுபதை நெருங்குகிறார். தமிழ் எழுத்துக் கூட்டித்தான் வாசிப்பார். அந்த வேலைக்கு வாசிப்பு தேவையில்லை. ஒவ்வொரு ஃபாரத்தின் முதுகு மடிப்பிலும் நக அளவில் ஒரு கறுப்புக் கட்டம் அடித்திருப்பார்கள். முதல் ஃபாரத்தில் உச்சியில், அடுத்ததில் கொஞ்சம் கீழே, அதற்கடுத்ததில் இன்னும் கீழே. செட் சேர்த்து வைத்தால் முதுகில் படிக்கட்டு மாதிரி இறங்கும். படி உடைந்திருந்தால் ஃபாரம் மாறியிருக்கிறது. ஐம்பது செட் ஒரு அடுக்கு. பீவியம்மா ஒரு கஜம் தள்ளி நின்று, இடுப்பில் கைவைத்துப் பார்ப்பார். "மேலருந்து பதினேழாவது. உருவு புள்ள" என்பார். உருவினால் தப்பாகத்தான் இருக்கும்.

பார்த்து முடித்த அடுக்கின் தலையில் ஒரு சிவப்புத் தாள் துண்டு வைப்பார். துண்டு இல்லாத அடுக்கைப் பசை மெஷினில் நிற்கிற பாண்டிராஜ் தொடமாட்டான். துண்டை பீவியம்மாவைத் தவிர யாரும் வைக்கக் கூடாது. எங்கேயும் எழுதி ஒட்டவில்லை. ஆனால் சட்டம்.

பங்குனியில் அந்தக் கப்பல் கதை வந்தது. வெளிநாட்டில் அறுபது எழுபது வருஷத்துக்கு முன்னால் வந்த தொடராம். ஏழு பாகம். தமிழில் முதல் பாகம் ஆயிரம் பிரதி, எங்களுக்கு வந்தது. வானத்தில் பறக்கிற கப்பல், ராஜாங்கம், சண்டை. பாண்டிராஜ் அட்டையைப் பார்த்துவிட்டு, "கப்பலூருக்குக் கப்பல் வந்துருச்சுக்கா, இனி துறைமுகந்தான்" என்றான்.

நான் பத்தாவது படித்தவள். பள்ளிக்கூடம் முடிந்தபின் மளிகைப் பொட்டலம் தவிர வேறெதுவும் படித்ததில்லை. ஆறு வருஷத்தில் என் கை தொட்ட புத்தகங்கள் லட்சம் இருக்கும். எதையும் படிக்கத் தோன்றியதில்லை. இட்லிக் கடைக்காரனுக்கு இட்லி பிடிக்காத கதைதான். அன்றைக்கு மத்தியானம் சோற்றுத் தூக்கைத் திறந்தபோது கீழே விரிக்கத் தாள் வேண்டியிருந்தது. அச்சில் ஒதுக்கிய, மசி அப்பிய முதல் ஃபாரம் ஒன்று கிடந்தது. விரித்தேன். குழம்புக்குப் பக்கத்தில் ஒரு வரி: "பேரரசர் இறந்த செய்தி கடைசிக் கிரகத்தை அடைய நாற்பது ஆண்டுகள் ஆயின, அதுவரை அங்கே அவர் பெயரில்தான் வரி வசூலித்தார்கள்."

எனக்குச் சிரிப்பு வந்தது. எங்கள் ஊரில் செத்தவன் பேரில் பட்டா இருக்கிறது. தூக்கை நகர்த்தி வைத்துவிட்டு அந்தப் பக்கத்தைப் படித்தேன். பிறகு அந்த ஃபாரத்தை மடித்துப் பையில் போட்டுக்கொண்டேன். கழிவுத்தாள்தான். கேட்டால் கொடுப்பார்கள். நான் கேட்கவில்லை. கேட்டால் எதற்கு என்பார்கள்.

பஸ்ஸில் படித்தேன். ஒன்றும் விளங்கவில்லை என்பதுதான் உண்மை. ஆரம்பத்திலேயே நாற்பத்திரண்டு பேருடைய பெயர்ப் பட்டியல். எல்லாம் வாயில் நுழையாத பெயர். ஒரு வரைபடம், முழுக்கப் புள்ளி. தலைகீழாகத் திருப்பிப் பார்த்தேன், அப்படியும் புள்ளிதான். கப்பல் ஒன்று, ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்குப் போக மூன்று நாளாகும். அதற்குள்ளேயே ரயில் ஓடுகிறது. பதினாறு பக்கம் முடிந்தும் ஒருவரும் சாப்பிடவில்லை. யாரும் கூட்டவில்லை. இம்புட்டுப் பெரிய கப்பலை யார் கழுவுவார்கள் என்று யோசித்துக்கொண்டே வந்ததில் மாட்டுத்தாவணியில் இறங்க மறந்து பஸ்ஸோடு டிப்போ வரை போனேன்.

மறுநாள் இரண்டாவது ஃபாரம். அதற்கு மறுநாள் மூன்றாவது. மடிப்பு வேலை நாலு நாள் ஓடியதால் ஒதுக்கின தாள் கிடைத்துக்கொண்டே இருந்தது. தினம் பதினாறு பக்கம். வெஷ்கா என்று ஒரு பொம்பளை. கப்பலின் தலைவி. வயது நாற்பது, கல்யாணம் ஆகவில்லை, யாருக்கும் பயப்படமாட்டாள். நாலாவது ஃபாரத்தில் ஒரு சண்டை வருகிறது. கப்பலில் ஓட்டை விழுகிறது. வெஷ்கா அடித்தளத்துக் கதவுகளை மூடச் சொல்கிறாள். அங்கே உலைச் சாம்பல் சுரண்டுகிற ஆட்கள் இருக்கிறார்கள். அதுவரை அவர்களைப் பற்றி ஒரு சொல் கிடையாது. "கீழ்த்தளத்தில் ஆறாயிரம் பேர் இழப்பு" என்று ஒரே வரி. அடுத்த வரியில் வெஷ்கா நெற்றி ரத்தத்தைத் துடைத்துக்கொள்கிறாள்.

கப்பலை யார் கழுவுவார்கள் என்று கேட்டேனே, பதில் அந்த வரிதான். நான் நிற்கவில்லை. வெஷ்கா பிழைத்தாளா என்று தெரிய வேண்டியிருந்தது. பக்கத்தைத் திருப்பினேன். என் அம்மா மாதிரி ஆறாயிரம் பேர் மூச்சு முட்டிச் செத்த வரியை நான் தாண்டிப் போனது, மறுநாள் பல் விளக்கும்போதுதான் உறைத்தது. அப்போதும் மனசு அடுத்த ஃபாரத்தில்தான் இருந்தது.

வியாழக்கிழமை செட் சேர்க்க ஆரம்பித்தேன். வெள்ளிக்கிழமை மத்தியானத்துக்குள் பதினெட்டு அடுக்கு முடிந்தது. எல்லாவற்றிலும் சிவப்புத் துண்டு. இன்னும் இரண்டு அடுக்கு, நூறு செட். அந்த நேரம்தான் நான் அந்தக் காரியம் பண்ணினேன். ஆறாவது ஃபாரத்துக்கு ஒதுக்கின தாள் எதுவும் கிடைக்கவில்லை. அதனால் குவியலிலிருந்தே ஒன்றை எடுத்து, குவியலுக்குப் பின்னால் சுவரில் சாய்த்து விரித்து வைத்தேன். நடந்துகொண்டே வந்து, ஆறாவது குவியலில் நின்று நாலு வரி படிப்பேன். மறுபடி நடப்பேன். அடுத்த நடையில் அடுத்த நாலு வரி.

வெஷ்கா ஒரு செத்த கிரகத்தின் ஓரத்தில் நிற்கிறாள். ஆளில்லாத ஒரு பழைய கப்பல் மிதந்து வந்து அவளுடைய கப்பலோடு ஒட்டிக்கொள்கிறது. உள்ளேயிருந்து யாரோ கதவைத் தட்டுகிறார்கள். நூறு வருஷமாக ஆளில்லாத கப்பல். அவள் கதவைத் திறக்கச் சொல்கிறாள். எல்லோரும் வேண்டாம் என்கிறார்கள்.

பாண்டிராஜ் கூப்பிட்டான். "அக்கா, பசை காயுது. அடுக்கு எங்க?"

பீவியம்மா பின்கட்டில் தொழுதுகொண்டிருந்தார். "பீவியம்மா வரட்டும்டா."

"மெஷினு சும்மா நிக்குது. மொதலாளி பாத்தாருன்னா ஒங்க மேசைக்குத்தான் நேரா வருவாரு."

மேசைக்கு வந்தால் சுவரில் விரித்திருக்கிற ஃபாரத்தைப் பார்ப்பார். சிவப்புத் துண்டுகள் பீவியம்மாவின் முக்காலியில், ஒரு கல்லுக்கு அடியில் இருந்தன. எடுத்து அந்த இரண்டு அடுக்கின் மேலும் வைத்தேன். ஒரு கஜம் தள்ளி நின்றெல்லாம் பார்க்கவில்லை. பாண்டிராஜ் தள்ளுவண்டியில் ஏற்றிக்கொண்டு போனான். நான் திரும்பிப் போய் மிச்சம் ஒரு பக்கத்தைப் படித்தேன். கதவின் தாழ்ப்பாளில் கை வைக்கிறாள். ஃபாரம் முடிந்தது.

பீவியம்மா வந்து, மேசை காலியாக இருப்பதைப் பார்த்தார். "கடைசி ரெண்டு அடுக்கும் நான் பாத்தேனா புள்ள?"

"பாத்துட்டுத்தான போனீங்க" என்றேன்.

"ஆமால்ல. மறதி" என்று தலையில் முக்காட்டைச் சரிசெய்துகொண்டார்.

சாயங்காலம் மிச்ச ஃபாரங்களைக் கட்டிவைக்கும்போது தெரிந்துவிட்டது. சேதாரத்துக்கு என்று ஒவ்வொரு ஃபாரத்திலும் நாற்பது கூடுதலாக அடித்து வரும். எல்லாக் குவியலிலும் நாற்பதுக்கு ஒன்றிரண்டு கூடக்குறைய மிச்சம் இருந்தது. ஆறில் இரண்டே இரண்டு. ஏழில் எழுபத்தெட்டு. என்ன நடந்தது என்று புரிய எனக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. நின்று படித்த இடத்தில் கை இரண்டு முறை நீண்டிருக்கிறது. மனசு ஆறு, ஏழு என்று எண்ணிவிட்டது. கால் எட்டாவது குவியலுக்குப் போய்விட்டது. முப்பத்தெட்டு புத்தகத்தில் ஆறு ரெண்டு, ஏழு இல்லை.

அட்டை ஒட்டிய புத்தகங்கள் அப்போது பட்டறைக்குள்ளேதான் இருந்தன. முதலாளியிடம் சொல்லியிருந்தால் நூறு புத்தகத்தைப் புரட்டிப் பார்த்து எடுத்திருக்கலாம். ஒரு மணி நேர வேலை. சொல்லலாம் என்று இரண்டு எட்டு வைத்தேன். என்ன பண்ணிக்கொண்டிருந்தாய் என்று கேட்பார்கள். படித்துக்கொண்டிருந்தேன் என்று சொல்ல வேண்டும். களையெடுக்கிறவள் மகள், மேசையில் ராக்கெட் கதை படித்தாள். அந்தச் சிரிப்பு எனக்கு அப்போதே கேட்டது. ஏழாவது ஃபாரத்தில் கூடுதலாக இருந்த முப்பத்தெட்டையும் எடுத்து, வெட்டுத்தாள் மூட்டைக்குள் ஆழமாகத் திணித்து, மேலே வெள்ளை நறுக்குகளைப் போட்டு மூடினேன். பிறகு கை கழுவினேன். இதெல்லாம் பதற்றத்தில் செய்தது என்று சொல்லமாட்டேன். நிதானமாகத்தான் செய்தேன்.

பத்து நாள் கழித்து முதலாளி சாப்பாட்டு நேரத்தில் போனோடு வந்தார். பதிப்பகத்திலிருந்து ஒரு பதிவை அனுப்பியிருக்கிறார்கள். தமிழ்மாறன் என்று ஒருவர், தல்லாகுளத்தில் ஏதோ ஆபீஸில் இருக்கிறார், நிறையப் படிக்கிறவராம். அந்தத் தொடரை முதன்முதலாக ஆரம்பித்திருக்கிற அனுபவத்தை முகநூலில் எழுதியிருந்தார். முதலாளி நின்றபடியே சத்தமாக வாசித்தார்.

"'முதல் நூறு பக்கங்கள் என்னைச் சோதித்தன. பெயர்களின் காட்டில் வழி தவறினேன். ஆனால் தொண்ணூற்றாறாம் பக்கத்தில் ஒரு மாயம் நிகழ்கிறது. கதவு திறக்கப்போகும் நொடியில் கதை எண்பத்தொன்றாம் பக்கத்துக்கே திரும்புகிறது. அதே காட்சி, அதே சொற்கள். பக்க எண்ணைக்கூட மீண்டும் எண்பத்தொன்று என்றே போட்டிருக்கும் துணிச்சலை என்னவென்பது. காலம் சுழல்கிறது. வெஷ்காவோடு நாமும் அந்தப் பதினாறு பக்கங்களை இரண்டாம் முறை வாழ்கிறோம். பிறகு சட்டென்று நூற்றுப் பதின்மூன்று. கதவு ஏற்கெனவே திறந்திருக்கிறது. அவளுக்கு ஒரு கை இல்லை. எப்படி என்று ஆசிரியர் சொல்லவில்லை. சொல்லாமல் விட்டதில்தான் அவர் மேதைமை.'"

பாண்டிராஜ் சோற்றைத் துப்பிவிட்டுச் சிரித்தான். மற்றவர்களும் சிரித்தார்கள். முதலாளி சிரிக்கவில்லை. "நூத்தி எழுவது பேரு லைக்கு போட்டுருக்கான். நாலு பேரு எங்க புத்தகத்துல அப்படி இல்லையேன்னு கேட்டுருக்கான். பதிப்பகத்துக்காரரு எங்கிட்ட பேசுன பேச்சு இருக்கே." போனைப் பைக்குள் போட்டார். "ஆறு ரெண்டு, ஏழு இல்லை. பீவிம்மா, துண்டு வச்சுத்தான போச்சு?"

பீவியம்மா எழுந்து நின்றார். கையில் சோறு. "துண்டு இருந்துச்சுன்னா நாந்தான் முதலாளி பாத்துருக்கேன்."

"பாத்தா எப்பிடி தப்பும்? படி ஒடஞ்சா இருவது அடியிலருந்து சொல்ற ஆளு நீங்க."

பீவியம்மா கையிலிருந்த சோற்றைத் தட்டில் போட்டார். மூன்று மாதத்துக்கு முன்னால்தான் இலவச முகாமில் வலது கண்ணுக்குப் புரை ஆபரேஷன் செய்திருந்தார். "ஆபரேசன் பண்ண கண்ணு. சரியாகலையோ என்னமோ."

நான் அப்பளத்தைக் கடித்துக்கொண்டிருந்தேன். அது வாயில் உடைகிற சத்தம் பட்டறை முழுக்கக் கேட்டதுபோல் இருந்தது. வாயை அசைக்காமல் ஊறவைத்து விழுங்கினேன். அவ்வளவுதான் நான் செய்தது.

முதலாளி கெட்டவரில்லை. நிறுத்தவில்லை. பீவியம்மாவை அட்டைக்கு லேபிள் ஒட்டுகிற இடத்துக்கு மாற்றினார். சரிபார்க்கிற வேலையை, "நீயே பாத்துக்க மீனா, ஒனக்குத்தான் சின்ன வயசுக் கண்ணு" என்று என்னிடமே கொடுத்தார். சிவப்புத் துண்டுக் கட்டும் அந்தக் கல்லும் என் மேசைக்கு வந்தன.

பீவியம்மா மூலையில் உட்கார்ந்து லேபிள் ஒட்டினார். நேராக ஒட்டியதைக்கூட மூக்குக்குக் கிட்டே கொண்டுபோய்ப் பார்த்தார். ஒரு கண்ணைப் பொத்திக்கொண்டு எதிர்ச் சுவரில் இருந்த காலண்டரைப் பார்ப்பார். மற்றக் கண்ணைப் பொத்திக்கொண்டு மறுபடி பார்ப்பார். என்னிடம் ஒரு நாள் கேட்டார்: "மீனா, அந்தத் தேதி பன்னெண்டுதான?" பன்னிரண்டுதான். "ஆமா" என்றேன். "நானும் பன்னெண்டுன்னுதான் பாத்தேன்" என்றார். சொல்லிவிட்டு, அதையும் நம்பாமல் எழுந்துபோய்க் கிட்டத்தில் நின்று பார்த்துவிட்டு வந்தார்.

அன்றைக்காவது சொல்லியிருக்கலாம். நாளைக்கு என்று நினைத்தேன். பஸ்ஸில் சொற்களை அடுக்கிக்கொண்டு வருவேன். பட்டறை வாசலில் செருப்பைக் கழற்றும்போது எல்லாம் கலைந்துபோகும்.

தப்பான புத்தகங்களைப் பதிப்பகம் திருப்பிக் கேட்டது. ஒவ்வொன்றாக வந்தன. பட்டறையில் கட்டிவைத்திருந்த நாற்பது மிச்சத்திலிருந்து ஏழாவது ஃபாரத்தை எடுத்து, முதுகைப் பிய்த்து, சேர்த்து, மறுபடி ஒட்டினோம். அந்த வேலையும் எனக்குத்தான். ஏழாவது ஃபாரம் என் கையில் எத்தனை முறை வந்திருக்கும். கதவுக்குப் பின்னால் யார் என்று அதில் இருக்கிறது. விரிக்கவில்லை.

அடுத்த வாரம் சனிக்கிழமை பதினோரு மணிக்கு ஸ்கூட்டரில் ஒருத்தர் வந்தார். நாற்பது வயசிருக்கும், தேய்த்த சட்டை, துணிப்பையில் புத்தகம். தமிழ்மாறன் என்றார். பாண்டிராஜ் மெஷினுக்குப் பின்னால் குனிந்துகொண்டான். முதலாளி நாற்காலி போட்டார். அவர் உட்காரவில்லை.

"மாத்திக் கொடுக்கிறதா சொன்னாங்க. இந்தப் பக்கம் ஒரு வேலையா வந்தேன். அதான்." புத்தகத்தை நீட்டினார். "அந்தப் பதிவ எடுத்துட்டேன் சார்."

"அட, அதுக்கென்ன சார். நல்லாத்தான் எழுதியிருந்தீக."

அவருடைய காது சிவந்தது. அந்த மனுஷனுக்கு அந்த ஊரில் இனி நாலு பேர் முன்னால் புத்தகத்தைப் பற்றி வாய் திறக்க முடியாது. அதையும் நான்தான் செய்தேன்.

முதலாளி சமாதானமாகச் சொன்னார்: "தப்பு எங்க மேலதான். சரிபாக்குற அம்மாவுக்கு வயசாயிருச்சு. கண்ணு ஆபரேசன் வேற. பீவிம்மா, இங்க வாங்க. சாருக்கு நல்ல புத்தகமா ஒண்ணு எடுத்துக் குடுங்க."

பீவியம்மா எழுந்து வந்தார். சரிசெய்த புத்தகங்களில் ஒன்றை எடுத்தார். கொடுத்துவிட்டுப் போயிருக்கலாம். அவர் அதைக் கண்ணுக்கு ஒட்டினாற்போல் பிடித்துக்கொண்டு, எண்பத்தொன்றிலிருந்து ஒவ்வொரு பக்கமாக, எண்ணை மட்டும் விரலால் தொட்டுத் தொட்டு எண்ண ஆரம்பித்தார். எல்லோரும் நின்றுகொண்டிருந்தோம். தொண்ணூற்றேழு வந்ததும் இரண்டு முறை பார்த்தார். பிறகு அந்த ஆளிடம் இரண்டு கையாலும் நீட்டினார். "மன்னிச்சுக்கங்க தம்பி. எனக்குக் கண்ணு தெரியல. தெரியாமயே தெரியிறதா நெனச்சுக்கிட்டு இருந்துருக்கேன்."

"மொதலாளி, அது நான்" என்றேன்.

அடுக்கி வைத்திருந்த சொல் எதுவும் வரவில்லை. இதுதான் வந்தது.

"எது நீ?"

"கடைசி ரெண்டு அடுக்குக்குத் துண்டு வச்சது நான். பீவியம்மா தொழுகப் போயிருந்தாங்க. அவங்க பாக்கவே இல்ல. பாத்தீங்கன்னு நாந்தான் பொய் சொன்னேன்."

"சரி. ஃபாரத்த மாத்திச் சேத்தது?"

"அதுவும் நாந்தான்."

"ஆறு வருசத்துல ஒரு நா தப்பினதில்ல. அன்னைக்கு மட்டும் என்ன வந்துச்சு ஒனக்கு?"

தலைசுற்றல் என்று சொல்லலாம். நம்புவார்கள். ஒரு நொடி அதைச் சொல்லவே வாயெடுத்தேன். "படிச்சுக்கிட்டு இருந்தேன்."

"என்னத்த?"

"இந்தக் கதைய. ஆறாவது ஃபாரத்த."

முதலாளி என்னை மேலிருந்து கீழே பார்த்தார். "ராக்கெட்டு கதையையா? நீயா?"

பாண்டிராஜ் அடக்க முடியாமல் சிரித்துவிட்டான். "அக்கா, எந்தக் கெரகத்துல எறங்குனீக?" லேபிள் மேசைப் பெண்களும் சிரித்தார்கள். முதலாளிக்கும் உதடு விரிந்தது. நான் பயந்த சிரிப்பு இதுதான். பத்து நாளாக ஒரு பொம்பளையைக் குருடாக்கி வைத்தது இதற்குப் பயந்துதான். கேட்டபோது அது அரை நிமிஷம்கூட இல்லை.

தமிழ்மாறன் மட்டும் சிரிக்கவில்லை. "கதவு திறக்கப்போற இடமா?" என்று மெதுவாகக் கேட்டார். தலையாட்டினேன். அவர் புத்தகத்தைப் பைக்குள் வைத்தார்.

முதலாளியின் முகம் மாறியது. தொழில் தெரிந்தவர். கணக்கு அவருக்குத் தானாக ஓடும். "இரு. ஆறு ரெண்டு போயிருந்தா ஏழு கூட நின்னுருக்கணுமே. மிச்சக் கட்டுல நாப்பதுதான இருந்துச்சு?"

"கூட இருந்தத கழிவு மூட்டைல போட்டேன்."

"எப்ப?"

"அன்னைக்கே. சாயங்காலம்."

"அப்ப அன்னைக்கே ஒனக்குத் தெரியும்."

"தெரியும்."

சிரிப்பு நின்றது. தமிழ்மாறன், "வாரேன் சார்" என்று யாரையும் பார்க்காமல் சொல்லிவிட்டுப் போனார். முதலாளி என்னைத் திட்டவில்லை. தரையைப் பார்த்துக்கொண்டு, "பழி பூராம் அந்தம்மா கண்ணு மேல" என்றார். அதையும் முடிக்காமல் உள்ளே போய்விட்டார்.

பீவியம்மா குழாயடிக்குப் போய்ப் பசைக் கையைக் கழுவிக்கொண்டிருந்தார். பின்னால் போய் நின்றேன். கழுவி முடிக்கும்வரை திரும்பவில்லை.

"அப்ப எனக்குக் கண்ணு நல்லாத்தான் இருக்கு" என்றார்.

"நல்லாத்தான் இருக்கு பீவியம்மா."

"போன வாரம் அலமாரிச் சாவிய மருமக சபிஹாட்ட குடுத்துட்டேன். தடவித் தடவித் தெறக்குற மாமியாளுக்கு எதுக்குச் சாவின்னு." முந்தானையால் ஒவ்வொரு விரலாகத் துடைத்தார். "அது போகட்டும். சாவி திரும்ப வாங்கிக்கலாம். பத்து நாளா நான் குர்ஆன விரிக்கல புள்ள. எழுத்து எனக்குத் தப்பாத் தெரிஞ்சு, தப்பா ஓதிட்டேன்னா? அந்தப் பாவம் வேற எதுக்குன்னு மூடி வச்சுட்டேன். நாப்பது வருசத்துல பிள்ளப்பேறு சமயம் தவிர ஒரு நா விட்டதில்ல."

மன்னிச்சிருங்க என்று சொல்ல வாய் வரவில்லை. அந்தச் சொல்லை அவர் சற்று முன்னால் வேறொருத்தரிடம், என் தப்புக்காகச் சொல்லிவிட்டார்.

"அந்தத் துண்டையெல்லாம் எடுத்துட்டு வா" என்றார். கொண்டுபோய்க் கொடுத்தேன். கல்லையும் கேட்டார். அதையும் கொடுத்தேன்.

மூன்று வாரம் என்னைக் கழிவுத்தாள் அள்ள விட்டார்கள். நறுக்கு மூட்டை கட்டுகிற வேலை. பிறகு வேலை தேங்கியதால் மறுபடி மேசைக்கே வரச் சொன்னார்கள். முப்பத்தெட்டு புத்தகத்தில் இருபத்தேழு திரும்பி வந்தன. பதினொன்று வரவேயில்லை. அந்தப் பதினொரு பேரும் கதை அப்படித்தான் என்று நினைத்திருப்பார்கள்.

ஆனியில் இரண்டாம் பாகம் வந்தது. அட்டையில் வெஷ்கா ஒற்றைக் கையோடு நிற்கிறாள். பாண்டிராஜ், "அக்கா, ஒங்க ஆளு வந்துருச்சு" என்றான். நான் ஃபாரங்களைக் குவியலாக வைத்து, ஒரு எட்டுக்கு ஒன்றாக எடுத்து நடந்தேன். எழுத்துப் பக்கம் கண் போகாமல் முதுகுக் கட்டத்தை மட்டும் பார்த்தேன்.

பீவியம்மா பழையபடி சரிபார்க்கிறார். இப்போது இன்னொரு மேசையில் சரண்யாதேவி என்ற புதுப்பெண்ணும் செட் சேர்க்கிறாள். அவள் அடுக்கைப் பீவியம்மா ஒரு கஜம் தள்ளி நின்று, இடுப்பில் கைவைத்துப் பார்த்துவிட்டு, சிவப்புத் துண்டை வைக்கிறார். என் அடுக்குக்கு வரும்போது கிட்டே வருகிறார். குனிந்து, மேலிருந்து கீழே, ஐம்பது செட்டையும் ஒவ்வொன்றாக விரலால் தொட்டுத் தொட்டுப் பார்க்கிறார். முடிகிறவரை நான் பக்கத்தில் நிற்க வேண்டும்.